கனடாவிலிருந்து வந்த வலைச் சட்டை: ஒரு மாரியும் ஒரு கோடையும் பாவித்த பிறகு

பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா முறை, கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே, சட்பரிக்கும் அப்பால் ஒரு காட்டூரில் பெற்றோல் செட் வைத்திருக்கிறார். போன ஐப்பசியில் அவர் அனுப்பிய பெட்டியில் சொக்லேட்டுக்கும் பழைய சுவெட்டருக்கும் நடுவே கைக்குள் அடங்கும் அளவில் ஒரு பை இருந்தது. பிரித்தால் வலையால் தைத்த முழுக்கைச் சட்டை. தலைக்கு மூடி, முகத்துக்கும் வலை, கழுத்தைச் சுற்றி சிப். கூடவே உடம்பில் பூசுகிற பூச்சி விரட்டி மருந்து இரண்டு போத்தல். "அப்பாட்டக் குடு, வயலுக்குப் போட்டுக்கொண்டு போகட்டும்" என்று வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தார். அம்மா சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதென்ன, இறால் பிடிக்கிற வலையா?" என்றார்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் பலர் இப்போது இந்தச் சட்டையை வாங்கி அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். எழுபது டொலர் அளவில் கொடுத்ததாக அண்ணா சொன்னார். நம் காசில் பெருக்கிப் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் அடைக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலை மாவட்டத்தில், உப்புவெளியில். வயல் திரியாய்ப் பக்கம், நிலாவெளியும் குச்சவெளியும் தாண்டிப் போக வேண்டும். வயலுக்கு மேற்கே காடு, நடுவில் ஒரு பழைய வாய்க்கால். பெரும்போகத்தில் கதிர் பால் பிடித்துவிட்டால் பன்றியும் யானையும் வரும், எனவே தை, மாசி இரவுகளில் வயல்வாடியில் காவல் இருந்தே ஆக வேண்டும். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, ஆனால் விடமாட்டார். நான் வெள்ளி, சனி இரவுகளில் போவேன். அந்த வாடியில் ஒரு இரவு இருந்தவர்களுக்குத் தெரியும், யானையைவிட நுளம்புதான் ஆளைக் கலைக்கும். யானை வந்தால் வெடி கொளுத்திப் போடலாம், நுளம்புக்கு எதைக் கொளுத்துவது?

முதல் இரவு நான்தான் சட்டையைப் போட்டேன், அப்பா பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆறரை மணிக்கு நுளம்பு எழும்பியது. வாய்க்கால் பக்கமிருந்து வரும் அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரு கூட்டமாக முனகுவது போல. முகத்துக்கு முன்னால் வலையில் வந்து முட்டின, உள்ளே ஒன்றுகூட வரவில்லை. வருடக்கணக்கில் கையை வீசிக்கொண்டே இருந்து பழகிய எனக்கு, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடிந்தது ஒரு அதிசயமாகத்தான் இருந்தது. அந்த அரைமணி நேரத்துக்கு மட்டும் புள்ளி போடுவதென்றால் ஐந்துக்கு ஐந்து போடுவேன்.

பிறகு முதுகில் கடித்தது.

வலை தோலோடு ஒட்டுகிற இடத்தில் நுளம்பு வெளியே இருந்துகொண்டே ஊசியை இறக்கிவிடும். தோள்மூட்டு, முழங்கை, குனிந்தால் முதுகு, இந்த மூன்று இடமும் இந்தச் சட்டையின் ஓட்டைகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தொளதொளவென்று ஒரு முழுக்கைச் சட்டை போட்டால்தான் தப்பலாம். அண்ணாவிடம் சொன்னபோது, "அதைத்தானே சொல்ல மறந்தனான், உள்ள தடிச்ச சேட் ஒண்டு போடோணும்" என்றார். அவருக்கு அது சுலபம். அங்கே இந்தச் சட்டை தேவைப்படுகிற மே மாதத்தில் காலையில் குளிர் இன்னும் போயிருக்காது. தை மாதம் எங்களுக்கும் பரவாயில்லை, வாடைக் காற்று அடிக்கிற இரவுகளில் இரண்டு சட்டை சுகமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைக் கீழே சொல்கிறேன்.

அடுத்த குறை டோர்ச். நெற்றியில் கட்டுகிற லைட்டைத் தலைமூடிக்கு உள்ளே கட்டிக்கொண்டு எரித்தேன். வெளிச்சம் முழுக்க முகத்து வலையில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்குள் வந்தது. வயல் கறுப்பு, என் மூக்கு மட்டும் வெள்ளை. யானை பத்து அடியில் நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது. முகத்து வலை கறுப்பு நிறம், பகலில் அதனூடாக நன்றாகப் பார்க்கலாம், வெள்ளை வலையைவிடக் கறுப்பு வலைக்குள்ளால் பார்ப்பது சுலபம் என்பது உண்மைதான். ஆனால் இரவில், லைட்டைக் கையில் இடுப்பளவில் பிடித்தால்தான் சரி வரும். இவ்வளவு காசுக்கு விற்கிற ஒரு காவல் சட்டையில் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள் என்று கோபமாக அண்ணாவுக்கு எழுதினேன்.

அவர் அடுத்த ஞாயிறு அழைத்து விளக்கமாகச் சொன்னார், அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அவருடைய ஊரில் ஆட்களைக் கொல்லாமல் கொல்வது நுளம்பு அல்ல, கறுப்பு ஈ. நம் வீட்டு ஈயைவிட மிகச் சின்னது, முதுகு கூனியது. அதன் புழு ஓடுகிற சுத்தமான தண்ணீரில் கல்லைப் பிடித்துக்கொண்டு வளரும். பனி உருகி அருவியெல்லாம் வேகமாக ஓடத் தொடங்கிய பிறகு, மே நடுவிலிருந்து ஜூன் முடியும்வரை, மேகம் மேகமாக எழும்பும். ஊசி போட்டு உறிஞ்சாது, தோலை வெட்டிக் கசிகிற இரத்தத்தை நக்கும். கடிக்கும்போது தெரியாதாம், காதுக்குப் பின்னால் ஈரமாக இருக்கிறதே என்று கையை வைத்தால் இரத்தம். சட்டையின் ஓரம், மயிர் எல்லை, மணிக்கட்டு என்று விளிம்பு தேடி ஊர்ந்து போய்த்தான் கடிக்கும், அதனால்தான் இந்தச் சட்டையின் கையிலும் இடுப்பிலும் இவ்வளவு இறுக்கமான இலாஸ்டிக். கடும் நிறத்துக்கு ஓடி வரும், அதனால்தான் சட்டை வெளிர் நிறம். இதைவிட முக்கியம், கறுப்பு ஈ பகலில் மட்டுமே கடிக்கும், பொழுதுபட்டால் அடங்கிவிடும், வீட்டுக்குள்ளும் கடிக்க வராது. சரி, விளங்கிவிட்டது. குளிர் நாட்டின் பகல் பூச்சிக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வெக்கை நாட்டில் இரவு நுளம்போடு சண்டைக்குப் போயிருக்கிறேன்.

இதற்குப் பிறகு சட்டைமேல் இருந்த கோபம் குறைந்தது. என்ன பூச்சி, எத்தனை மணிக்கு வரும் என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி பாவிக்கத் தொடங்கினேன், சில இடங்களில் எதிர்பார்க்காத நன்மையும் கிடைத்தது.

ஒன்று மணல் ஈ. நம்மூரில் இதை யாரும் பெரிதாகக் கணக்கெடுப்பதில்லை, ஏனென்றால் சத்தமே போடாது. இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான். நாம் வாங்குகிற சாதாரண நுளம்பு வலைக்குச் சதுர அங்குலத்துக்கு 156 கண், அதற்குள்ளால் மணல் ஈ தாராளமாகப் போய்விடும். இது கடித்து வருகிற லீஷ்மேனியா நோய் இலங்கையிலேயே ஒருவருக்குத் தொற்றியதை முதன்முதல் கண்டது 1992இல். இன்று உலர்வலயக் காட்டோரங்களில் இது புதினமே இல்லை. கையிலோ முகத்திலோ ஒரு சின்னப் பரு, அது மெல்ல உடைந்து புண்ணாகும், வலி இருக்காது, மாதக்கணக்கில் ஆறாது. வலியில்லாத புண் என்பதால் ஆட்கள் மஞ்சள் பூசிக்கொண்டே காலத்தைக் கடத்துகிறார்கள். எங்கள் பக்கத்து வயல்காரருக்கு முழங்கையில் அப்படித்தான் வந்தது, தோல் கிளினிக்கில் ஊசி போட்டுத்தான் சுகமாகியது, கிழமைக்குக் கிழமை போய்வர வேண்டியிருந்தது. அந்த மாதிரிப் புண் இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கனடாச் சட்டையின் வலைக்கண் நம் வலையைவிட நெருக்கம், ஏனென்றால் அவர்கள் நாட்டிலும் கண்ணுக்குத் தெரியாத கடிபூச்சி ஒன்று இருக்கிறது. அதற்காக நெய்தது எங்கள் மணல் ஈக்கும் உதவுகிறது. பொழுதுபடும் நேரத்திலும் விடியற்காலையிலும் வாடியில் சும்மா இருக்கும்போது இதை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டில் என்றால் விசிறியே போதும், மணல் ஈக்குப் பறக்கத் தெம்பு குறைவு, காற்றை எதிர்த்து வராது.

இன்னொன்று மாட்டு ஈ. மாலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது தலையைச் சுற்றிச் சுற்றி வந்து கழுத்தில் வெட்டுமே, அதற்கு இந்தச் சட்டை அருமை. அதே வேலையை அங்கே மான் ஈ என்று ஒன்று செய்கிறதாம்.

முகத்தை மொய்க்கிற கொசுவுக்கும் நல்லது. இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: எங்களுக்குக் கடிக்கிறது நுளம்பு, கண்ணையும் புண்ணையும் பழத்தையும் சுற்றுகிற சின்னது கொசு. உங்கள் கொசுவும் எங்கள் கொசுவும் ஒன்றல்ல.

இனிப் பிழைத்த இடங்கள். பாலைப்பழக் காலம் வந்ததும் மாமாவோடு காட்டுக்குள் போனேன், சட்டையைப் போட்டுக்கொண்டுதான். அன்று முப்பத்தைந்து பாகை வெயில், கச்சான் காற்று காட்டுக்கு வெளியே அனலாக அடிக்கிறது, காட்டுக்குள்ளே அதுவும் இல்லை. உள்ளே ஒரு சட்டை, மேலே வலை. கால் மணி நேரத்தில் வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, வலை இருப்பதால் துடைக்க முடியாது, சிப்பைத் திறந்தால் கொசு. அதற்குள் சூரை முள் கையில் மாட்டி ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. கிழிந்த இடத்தால் ஒரு முசுறு எறும்பு ஏறி உள்ளே போனது. முசுறு தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது, தெரிந்தவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. வலைக்குள் நானும் முசுறும். சிப்பைத் தேடிக் கை நடுங்குகிறது, மாமா மரத்துக்கு மேலே இருந்துகொண்டு "என்னடா ஆடுறாய்?" என்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்து பார்த்தால் இடுப்பில் மூன்று உண்ணி. இதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பாடம், இந்தச் சட்டைக்கும் உண்ணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உண்ணி பறந்து வராது, புல்லில் காத்திருந்து காலால் ஏறும். வலையை இடுப்பில் எவ்வளவு இறுக்கினாலும் அது சாரத்துக்குள்ளால் வரும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறைமேல் மருந்தை அடித்துவிட்டுப் போவதுதான் வேலைக்கு ஆகும். ஏறிவிட்டால் மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி என்று வைத்தியம் செய்யாமல், ட்வீசரால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். அப்புறம் உண்ணிக் காய்ச்சல் என்று நம்மவர்கள் சொல்வது இன்னும் சின்னதான ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது. காய்ச்சலோடு உடம்பில் எங்காவது, முக்கியமாக மடிப்புகளில், கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்து டொக்டரிடம் காட்டுங்கள். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் குளுசையோடு போய்விடும்.

போத்தல்களுக்கு வருவோம். எனக்கு அனுப்பியதில் உண்மையான பொக்கிஷம் இவைதான், பெட்டியைப் பிரித்த அன்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்று டீட் என்ற விரட்டி மருந்து 30 வீதம், கனடாவில் விற்க விடுகிற உச்ச அளவே அதுதான். டீட் 1946இல் அமெரிக்க இராணுவத்துக்காகக் கண்டுபிடித்தது, 1957இலிருந்து பொதுமக்களுக்கும் கிடைக்கிறது, அதாவது என் அப்பா பிறந்த காலத்திலிருந்தே. மற்றது இக்காரிடின் 20 வீதம். இரண்டும் அவர்கள் ஊர்க் குளிரில் ஆறேழு மணி நேரம் நிற்குமாம். என் வேர்வையில் டீட் மூன்று, மூன்றரை மணி நேரம் நின்றது, அதற்குப் பிறகு திரும்பப் பூச வேண்டும். அதுவே எனக்குப் போதும், ஒரு இரவுக்கு மூன்று தடவை. ஆனால் டீட் பிளாஸ்டிக்கைத் தின்னும். பூசிய கையோடு மணிக்கூட்டைக் கட்டினேன், அதன் கண்ணாடி பிசுபிசுத்து மங்கிப்போயிற்று, போன் கவரும் அப்படியே. பருத்திச் சாரத்துக்கு ஒன்றும் ஆகாது, ரேயோன் துணிக்கு ஆகும். இக்காரிடினுக்கு அந்தக் குணம் இல்லை, மணமும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. இரண்டில் ஒன்றுதான் அனுப்ப முடியும் என்று உங்கள் சொந்தக்காரர் கேட்டால் யோசிக்காமல் இக்காரிடின் என்று சொல்லுங்கள். சண்கிறீம் பூசுகிறவர்கள் அதை முதலில் பூசிக் காயவிட்டு இதைப் பிறகு பூச வேண்டும். கைக்குழந்தைகளுக்கு இரண்டுமே வேண்டாம், வலைதான்.

டவுனில் பார்மசிகளில் விற்கிற மூலிகைக் களிம்புகளில் நான் வாங்கிப் பார்த்த இரண்டிலும் சிட்ரோனெல்லாதான் மணத்தது, ஒரு மணி நேரம் தாண்டவில்லை. இதில் ஒரு வேடிக்கை. அண்ணா தன் வீட்டு முற்றத்தில் சிட்ரோனெல்லா மெழுகுதிரி கொளுத்துவாராம், டொலர் கொடுத்து வாங்கி. அந்த எண்ணெயில் ஒரு வகைக்குப் பெயரே சிலோன் சிட்ரோனெல்லா, நம் நாட்டுத் தெற்கில் விளைகிற புல். நாங்கள் கனடா மருந்துக்குக் காத்திருக்கிறோம், அவர் எங்கள் புல்லைக் கொளுத்துகிறார்.

காட்டை மட்டும் பேசிக்கொண்டு இருந்தால் பிழை. எங்கள் மாவட்டத்தில் ஆட்களைக் கொண்டுபோன நுளம்பு காட்டில் இருந்து வந்ததல்ல. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய நாட்கள் யாருக்கும் மறந்திருக்காது, அந்த வருடம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு. அந்த நுளம்பு நம் வளவுக்குள், சிரட்டையிலும் டயரிலும் யோகட் கப்பிலும் பிறந்து பகலில் கடிப்பது. வீட்டுக்குள் வலைச் சட்டை போட்டுக்கொண்டு சோறு சமைக்க முடியாது, அங்கே தண்ணீரைக் கவிழ்ப்பதுதான் மருந்து. ஒழித்துக் காட்டவும் நம்மால் முடிந்திருக்கிறது. அப்பாவின் வயதுக்காரர்களைக் கேட்டால் மலேரியாக் காய்ச்சல் வராத வருடமே இல்லை என்பார்கள், அந்தக் குளுசையின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது என்பார் அப்பா. உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா 2012இல், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. வீடு வீடாக வந்து சுவருக்கு மருந்தடித்தவர்களை அந்தக் காலத்தில் நாய்கூடத் துரத்தியது, இன்று அவர்களை யார் நினைக்கிறார்கள்.

அப்பா சட்டையை என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. மூன்று இரவு போட்டார். நாலாம் இரவு கழற்றினார். வெற்றிலை போட்டால் துப்ப முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் சிப்பைத் திறக்க வேண்டும், ஒருநாள் மறந்துபோய்த் துப்பிவிட்டார், அதை இதற்குமேல் விவரிக்க வேண்டாம். இப்போது அவர் பழைய முறைக்கே போய்விட்டார்: வாடியின் காற்று வரும் பக்கத்தில் தேங்காய் மட்டை, அதன்மேல் பச்சை வேப்பிலையும் நொச்சியும், புகை. கண் எரிகிறது, இருமல் வருகிறது, காற்று திரும்பினால் ஒன்றும் இல்லை. நல்லது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாடிக்குள் டவுனில் 3000 ரூபாய்க்குக் கிட்டக் கொடுத்து வாங்கிய ஒரு ஆள் படுக்கிற வலையைக் கட்டி, அதன் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகி, காலுக்கும் கைக்கும் இக்காரிடின் பூசிவிட்டேன், அதை அவர் ஏற்றுக்கொண்டார். "இந்த மருந்து நல்லம், மணக்கேல்ல" என்றார். அவரிடம் அது பெரிய சான்றிதழ்.

ஆகவே, வாங்கலாமா? மார்கழியிலிருந்து மாசிவரை இரவுக் காவலுக்கு, விடியப் பொழுதுபட மணல் ஈ உள்ள இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு, மாடு பார்க்கிறவர்களுக்கு, யாராவது அன்பாக அனுப்பினால் நல்ல சாமான். நம் கோடையில் காட்டுக்குள் நடக்க, விறகு வெட்ட, முள்ளுக்குள் போக உதவாது. சொந்தக் காசில் நான் வாங்கமாட்டேன். ஐந்துக்கு மூன்று, மாரியில் மூன்றரை.

கிழிந்த கையை அம்மா தையல் போட்டுவிட்டார். கோடையில் சட்டை சும்மா கிடப்பதைப் பார்த்து, முற்றத்தில் கருவாடு காயப்போடும்போது அதை விரித்து மேலே மூடுகிறார், ஈ ஒன்றும் கிட்ட வருவதில்லை, இப்போது கழுவினாலும் அந்த மணம் போகாது. போன கிழமை அண்ணா அழைத்து, அடுத்த பெட்டிக்கு இன்னொரு சட்டை வாங்கவா என்று கேட்டார். இக்காரிடின் நாலு போத்தலும், அந்தச் சின்னக் கண் வலை துணியாகக் கிடைத்தால் வாடிக்குச் சுற்றிக் கட்ட ஐந்து யார் நீளமும் அனுப்புங்கள் என்றேன். சரி என்றவர் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, "பாலைப்பழப் பாணி ஏதும் மிச்சம் இருக்கோ?" என்று கேட்டார். ஒரு போத்தல் எடுத்து வைத்திருக்கிறோம், யாராவது கனடா போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.